குப்பை போய்ச் சேரும் இடம்

வீட்டுக் குப்பையைப் பற்றி அரசு வைக்கும் விளம்பரப் பலகைகள் எல்லாம் ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கின்றன: மக்களுக்கு விவரம் தெரியவில்லை, தெரிந்தால் செய்துவிடுவார்கள். 2000ஆம் ஆண்டின் நகராட்சித் திடக்கழிவு விதிகளே தரம் பிரிக்க மக்களை ஊக்குவிக்கச் சொல்லிவிட்டன. 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் அதை ஒவ்வொரு வீட்டின் கடமையாக்கின. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்றன. பள்ளிப் பிள்ளைகள் பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் வரைந்து பரிசு வாங்குகிறார்கள். எந்தத் தெருவில் கேட்டாலும் ‘பிரித்துத்தான் போட வேண்டும்’ என்று சொல்லாதவர் அரிது. ஆனாலும் சென்னையில் நாளொன்றுக்குச் சேரும் 5,000 டன்னுக்கு மேற்பட்ட குப்பையில் பெரும்பகுதி பல ஆண்டுகளாகக் கலந்தே பெருங்குடி, கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குகளுக்குப் போயிருக்கிறது. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டி வளர்ந்தது. அந்தச் சதுப்புநிலம் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அதே 2022இல்தான் கிடங்கில் தீப்பிடித்து நாள் கணக்கில் புகைந்தது. தெரிவதற்கும் செய்வதற்கும் நடுவில் உள்ள இந்தப் பள்ளத்தைச் சோம்பல், பொறுப்பின்மை என்று திட்டித் தாண்டிவிட முடியாது. சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. பழக்கம் நிலைத்த இடங்களில், கழித்த பொருளை வாங்கிக்கொள்ள ஒருவர், அதற்கென ஒரு நேரம், செய்யாவிட்டால் கையைக் கடிக்கும் ஓர் இழப்பு என்ற ஏற்பாடு முதலில் வந்திருக்கிறது. மனமாற்றம் அதன் பின்னால்தான் வந்திருக்கிறது.

ஏற்பாட்டைப் பேசுவதற்கு முன் அளவைப் பேச வேண்டும், ஏனென்றால் நம் கவனம் தப்பான இடத்தில் குவிந்திருக்கிறது. குப்பை என்றதும் கண்முன் வருவது பிளாஸ்டிக் பை. எடை போட்டுப் பார்த்தால் நம் வீட்டுக் குப்பையில் பாதிக்குக் குறையாமல் இருப்பது சமையலறையின் ஈரக் கழிவு. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட உணவு வீணடிப்பு அறிக்கையின்படி 2022இல் உலகம் முழுவதும் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 63 கோடி டன், அதாவது 60 விழுக்காடு, வீடுகளில் வீணானது. இந்திய வீடுகளுக்கு அறிக்கை தரும் மதிப்பீடு ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ. பணக்கார நாடுகள்தான் வீணடிக்கின்றன, நாம் சிக்கனக்காரர்கள் என்ற எண்ணத்துக்கும் அந்த அறிக்கை இடம் தரவில்லை. உயர் வருவாய் நாடுகளுக்கும் நடுத்தர வருவாய் நாடுகளுக்கும் இடையே வீட்டு வீணடிப்பில் ஆளுக்கு ஏழு கிலோ அளவுதான் வேறுபாடு. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இந்தக் கணக்கில் மாங்கொட்டையும் வாழைப்பழத் தோலும் மீன் முள்ளும் சேர்ந்தே வருகின்றன. பச்சைக் காய்கறி வாங்கி வீட்டில் நறுக்கிச் சமைக்கும் ஊரில் தோலும் காம்பும் கூடுதலாக விழுவது இயல்பு. ஆகவே 55 கிலோவும் கொட்டிய சோறு அல்ல. ஆனால் தோலானாலும் சோறானாலும் குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் அமுங்கினால் அது மீத்தேனாகத்தான் மாறும். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ எண்பது மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. உலகின் பசுமைக்குடில் வாயுக்களில் 8 முதல் 10 விழுக்காடு, வயலிலும் வழியிலும் வீட்டிலும் வீணாகும் உணவோடு தொடர்புடையது என்று அதே அறிக்கை சொல்கிறது.

கொட்டிய உணவில் மீத்தேன் பாதிக் கதைதான். ஒரு கிலோ அரிசி விளைய உலகச் சராசரியில், மழைநீரையும் சேர்த்து, சுமார் 2,500 லிட்டர் நீர் செலவாகிறது. நீர் தேங்கிய நெல்வயலே மீத்தேனை வெளியிடும் இடம். அதன் பிறகு அரவை, லாரி, அடுப்பு. சட்டியில் மிஞ்சிய சோற்றை மண்ணில் புதைத்து எருவாக்கினால் இந்தச் செலவில் எதுவும் திரும்பி வராது. உரம் போடுவதை விட உலை வைக்கும்போது அளந்து வைப்பது பல மடங்கு பெரிய காரியம். ஆனால் அளந்து வைத்த அரிசியைப் படம் எடுத்துப் போட முடியாது, உரத்தொட்டியைப் போடலாம். பாராட்டு உரத்தொட்டிக்கே போகிறது. மிச்சம் விழுவதற்கு நம் வீடுகளில் உள்ள காரணங்களும் தெரிந்தவைதான். வந்தவருக்குப் போதாமல் போனால் மானக்கேடு, மிஞ்சினால் அது தாராளம். கல்யாணப் பந்தியில் இலையில் பதினைந்து வகை விழ வேண்டும். கேட்காமல் பரிமாறுவதுதான் உபசாரம். இந்த மரியாதைக் கணக்கை மாற்றாமல் ‘உணவை வீணாக்காதீர்’ என்று மண்டபச் சுவரில் எழுதி வைப்பதால் சுவருக்குத்தான் செலவு. கேட்டுப் பரிமாறுவது, இனிப்பைப் பாதியாக வைப்பது, சாப்பிடும் கூட்டத்தைச் சரியாகக் கணக்கிட்டுச் சமையல்காரரிடம் சொல்வது போன்ற சிறு மாற்றங்கள்தான் வேலை செய்யும்.

முன்பு இப்படியெல்லாம் இல்லையே என்பார்கள். மிஞ்சிய சோற்றில் நீரூற்றிக் காலையில் பழையதாகச் சாப்பிட்டோம், கழுநீர் மாட்டுக்குப் போனது, சாணமும் சருகும் எருக்குழிக்குப் போயின, சிரட்டை அடுப்பில் எரிந்தது, வெயில் காலத்துக் காய் வற்றலானது. உண்மை. ஆனால் அதை வைத்து முன்னோரைச் சூழலியல் ஞானிகளாக்குவது தவறான இடத்தில் விழும் மாலை. ஒவ்வொன்றையும் வாங்கிக்கொள்ள வீட்டைச் சுற்றி ஒருவர் காத்திருந்தார்: மாடு, வயல், அடுப்பு, அடுத்த நாள் பசி. வாங்க ஆளில்லாத உடைந்த பொருளை அதே வீடுகள் ஏரிக்கரையில்தான் கொட்டின. மாடு போனது, எருக்குழி கார் நிறுத்தும் இடமானது, அடுப்பு கேஸுக்கு மாறியது. பழக்கமும் கூடவே போனது. அதன் இடத்தில் வந்த ஃபிரிட்ஜ், கெடுவதைத் தள்ளிப்போடும் கருவி. பின்வரிசையில் மறைந்த டப்பாவைப் பொறுத்தவரை கொட்டுவதைத் தள்ளிப்போடும் கருவியும் கூட. பழையது பற்றி ஒரு சொல்: ஆறிய சோற்றை நீரில் ஊறவைத்துப் புளிக்கவிடுவதும், சோற்றை அப்படியே அடுப்பு மேடையில் மறந்து வைப்பதும் ஒன்றல்ல. வெளியில் கிடக்கும் சோற்றில் வயிற்றைக் கெடுக்கும் பாக்டீரியா பெருகும். சூடு பண்ணினாலும் அதன் நச்சு போகாது. மிச்சத்தைக் காக்கும் பழக்கமும் நேரத்தோடு செய்தால்தான் பழக்கம்.

வாங்க ஆள் இருந்தால் பழக்கம் தானாக வரும் என்பதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டாம். செய்தித்தாளைச் சாம்பார் மிச்சத்தோடு கலந்து கொட்டும் வீடு உண்டா? யாரும் வகுப்பெடுக்காமலே மாதக்கணக்கில் அடுக்கி வைத்து, பழைய பேப்பர் கடையில் எடை போட்டுக் காசு வாங்குகிறோம். பால் கவரைக் கழுவிக் காயவைத்துச் சேர்க்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. தரம் பிரிக்கத் தெரியாத வீடு என்று ஒன்று இல்லை. காசு வராத பொருளைப் பிரிக்க மனமில்லாத வீடுகள் உண்டு. இன்னும் கூர்மையான சான்று நீலகிரி. காட்டில் வீசிய மதுப் பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று வழக்கு வந்து, சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பின் 2022 மே மாதத்தில் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் முறை தொடங்கியது. பாட்டில்களில் மிகப் பெரும்பாலானவை திரும்பின. குடித்துவிட்டு எழுந்து போகிறவருக்குச் சுற்றுச்சூழல் பொறுப்பை ஊட்டிவிட்டார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் விட்டுப்போனாலும் பத்து ரூபாய்க்காக இன்னொருவர் எடுத்து வருவார், அவ்வளவுதான். இந்த முறை பிற மாவட்டங்களுக்கு விரிந்தபோது கடைப் பணியாளர்கள் எதிர்த்தார்கள். காலிப் பாட்டிலை வாங்க, எண்ண, அடுக்க இடமும் ஆளும் வேண்டும் என்ற அவர்கள் முறையீடு நியாயமானது. ஏற்பாட்டுக்கும் ஒரு கூலி உண்டு. அதைக் கொடுக்காமல் பழக்கத்தை மட்டும் எதிர்பார்க்க முடியாது.

பழக்கம் எப்படி உருவாகிறது என்ற உளவியல் ஆய்வும் இதற்கு மாறாகப் பேசவில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் அச்சான ஆய்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. ஒரு செயல் யோசிக்காமல் நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை விலகியது. 66ஐ மந்திர எண்ணாக்கிய சுயமுன்னேற்றப் புத்தகங்கள் கவனிக்காதது அந்த இடைவெளியைத்தான். அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் செயலை நாள்தோறும் வரும் ஒரு நிகழ்வோடு, காலை உணவுக்குப் பின் என்பது போல, முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். ஒரு நாள் தவறியதால் பெரிய கேடு வரவில்லை. இதை நம் தெருவுக்குக் கொண்டுவந்தால், காலை ஏழரை மணிக்குத் தவறாமல் வரும் குப்பை வண்டி ஆயிரம் துண்டறிக்கைக்குச் சமம். ஒரு நாள் ஏழு, மறுநாள் பதினொன்று, அடுத்த நாள் வராமலே போவது என்றால், முடிச்சுப் போட நிகழ்வே இல்லை. ஈரக் கழிவு ஒரு நாள் தங்கினால் நாறும். நாறுவதை வைத்துக்கொண்டு காத்திருக்க யாராலும் முடியாது. அது மூலைக் காலிமனைக்குப் போய்விடும்.

ஈரக் கழிவை வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாமே என்றால், முடியும், முடிந்த ஊரும் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்தின் ஆலப்புழை நகரம் தன் குப்பையை வெளியே சர்வோதயபுரத்தில் கொட்டி வந்தது. 2012இல் அங்குள்ள மக்கள் லாரிகளை மறித்துவிட்டார்கள். கொட்ட இடமில்லாமல் தெருக்கள் நாறிய பிறகுதான் நகரம் வீட்டு வாசலுக்கு வந்தது: மானியத்தில் குழாய் உரத்தொட்டி, சாண எரிவாயுக் கலம்போலச் சிறிய எரிவாயுத் தொட்டி, அவை இல்லாதவர்களுக்குப் பொது இடத்தில் காற்றோட்டமான உரக் கூடங்கள். இந்தக் கூடங்கள் கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தும்பூர்முழி முறையில் இயங்குபவை. காய்ந்த இலை, கழிவு, சாணக் கரைசல் என அடுக்கடுக்காகப் போட்டால் சுமார் மூன்று மாதத்தில் உரம். 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கழிவைச் சிறப்பாகக் கையாளும் ஐந்து நகரங்களில் ஒன்றாக ஆலப்புழையைச் சுட்டியது. விழிப்புணர்வு அங்கே பிறந்தது லாரி நின்ற நாளில். உரம் போட முயன்று விட்டவர்கள் சொல்லும் காரணம் நாற்றமும் புழுவும். இரண்டும் ஒரே பிழையின் விளைவு. சமையலறைக் கழிவில் நீரும் நைட்ரஜனும் மிகுதி, கார்பன் குறைவு. கார்பனும் நைட்ரஜனும் இருபத்தைந்து முப்பதுக்கு ஒன்று என்ற அளவில் இருந்தால்தான் நுண்ணுயிர்கள் காற்றோடு வேலை செய்யும். ஆகவே ஒவ்வொரு முறை கழிவு போடும்போதும் மேலே கைநிறையத் தென்னை நார்த்தூளோ காய்ந்த சருகோ தூவ வேண்டும். நார்த்தூள் கையெட்டும் தூரத்தில் இல்லையென்றால் இரண்டாம் வாரத்தில் தொட்டி மூடப்படும்.

ஆலப்புழை ஒன்றேமுக்கால் லட்சம் பேர் வாழும், முற்றமும் தென்னையும் உள்ள வீடுகள் நிறைந்த ஊர். அடுக்குமாடியில் அடைந்து கிடக்கும் பெருநகரத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி சரியானது. அதற்குத் தென் கொரியா விடை. 1995இல் அங்கே குப்பைக்குக் கட்டணப் பை வந்தது. 2005இல் உணவுக் கழிவை நேராகப் புதைப்பது தடைசெய்யப்பட்டது. 2013இல் உணவுக் கழிவின் அளவுக்கேற்பக் கட்டணம் நாடு முழுவதும் வந்தது. தலைநகர் சியோலின் அடுக்குமாடிகளில் அட்டையைக் காட்டினால் திறக்கும் தொட்டி, போட்டதை நிறுத்து அந்த வீட்டுக் கணக்கில் எழுதுகிறது. ஒரு காலத்தில் இரண்டு மூன்று விழுக்காடே மறுபயன் கண்ட உணவுக் கழிவு இன்று 95 விழுக்காட்டை ஒட்டி உரமாகவும் தீவனமாகவும் எரிவாயுவாகவும் மாறுகிறது. கட்டணம் பெரிதல்ல, ஆனால் ஒவ்வொரு நாளும் தன் மிச்சத்தின் எடையைத் திரையில் பார்க்கிற வீடு மறுநாள் குறைவாகச் சமைக்கிறது. இதை அப்படியே இங்கே இறக்குமதி செய்யச் சொல்லமாட்டேன். கண்காணிப்பு தளர்ந்த ஊரில் எடைக்குக் கட்டணம் என்றால் குப்பை இரவோடு இரவாகக் கால்வாய்க்குப் போகும். நம் ஊருக்குப் பொருந்துவது கட்டணத்தைவிட முன்பணம் வாங்கித் திருப்பித் தரும் முறை. நீலகிரி காட்டியது அதைத்தான். பெரிய குடியிருப்புகள் மட்டும் வேறு. நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை தருவோர் தம் ஈரக் கழிவைத் தாமே கையாள வேண்டும் என்பதை 2016 விதிகளே சொல்லிவிட்டன. புதிய சட்டம் தேவையில்லை.

மஞ்சப்பையை இவ்வளவு நேரம் தொடாமல் வந்ததற்குக் காரணம் அதன் பங்கு பேசப்படும் அளவுக்குப் பெரிதல்ல என்பதே. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி வீசும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை; 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம். நோக்கம் நல்லது. ஆனால் பருத்திப் பை உருவாக நீரும் மின்சாரமும் நிறையச் செலவாகும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட கணக்கு, ஒருமுறை பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு வெப்பமூட்டும் அளவில் சமமாக ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்றது. டென்மார்க்கின் 2018 ஆய்வில் அது 52. கால்வாயை அடைக்கும், மாட்டின் வயிற்றில் தங்கும் கேட்டை இந்தக் கணக்குகள் சேர்க்கவில்லை; அதனால் பிளாஸ்டிக்கே மேல் என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால் ஒவ்வொரு விழாவிலும் ஒரு புதுப் பை தந்து, வீட்டில் இருபது பை மடிப்புக் கலையாமல் கிடப்பது சூழல் காப்பு ஆகாது. வேண்டியது இன்னொரு பை அல்ல, வண்டியின் கொக்கியில் எப்போதும் தொங்கும் ஒரு பழைய பை.

எதிர்வாதங்களில் வலுவானது, நாம் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்களே என்பது. அப்படிக் கொட்டும் தெருவில் பிரிப்பதை நிறுத்திய வீட்டைக் குறை சொல்ல முடியாது. நான் சொல்வதையே அந்த வீடு மெய்ப்பிக்கிறது. ஒரு நகராட்சி முதலில் செய்ய வேண்டியது இரண்டு அறை உள்ள வண்டியையும் இரண்டு வேறு சேருமிடங்களையும் உறுதி செய்வது, அதன் பிறகு வீட்டுக்காரரிடம் கேட்பது. வரிசை தலைகீழானால் தெரு அதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடும். மற்றொரு வாதம், ஆலைகளும் நிறுவனங்களும் செய்யும் கேட்டின் முன் வீட்டு முயற்சி எம்மாத்திரம் என்பது. உணவைப் பொறுத்தவரை இது எடுபடாது, வீணில் அறுபது விழுக்காடு வீட்டில் நடக்கிறது. மூன்றாவதை யாரும் வாதமாகச் சொல்வதில்லை, ஆனால் அதுதான் நியாயமானது: இந்தப் பழக்கங்களின் சுமை யார் தலையில்? இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97. மிச்சத்தைக் கணக்கு வைப்பது, கவரைக் கழுவுவது, தொட்டியைக் கிளறுவது எல்லாம் இந்த 299இல்தான் போய்ச் சேரும். குடும்பத்துக்குள் வேலையைப் பகிராமல் பசுமைப் பழக்கம் பேசுவது ஒரு பெண்ணின் காலை நேரத்தில் இன்னும் கால் மணியை எடுப்பதற்கான நாகரிகமான வழி. பிரிக்காமல் விட்டாலும் அந்த வேலை மறைந்துவிடுவதில்லை. நாப்கினையும் உடைந்த கண்ணாடியையும் சோற்றுக்குள்ளிருந்து கையால் பொறுக்கும் தூய்மைப் பணியாளருக்கு அது கைமாறுகிறது.

எல்லா ஏற்பாடும் செய்த பிறகும் வாங்க ஆளில்லாமல் மிஞ்சும் ஒரு பொருள் உண்டு. பிளாஸ்டிக்கும் அலுமினியத் தாளும் ஒட்டிய சின்னப் பாக்கெட்: ஷாம்பு, மசாலா, சிப்ஸ். அடுக்குகளைப் பிரிப்பது லாபமில்லை என்பதால் காயலான் கடை அதைத் தொடாது. சேகரித்தாலும் பெரும்பாலும் சிமென்ட் ஆலை உலைக்குத்தான் போகும். இந்தப் பாக்கெட் வணிகத்தின் முன்னோடியாகச் சொல்லப்படும் சின்னி கிருஷ்ணன் கடலூர்க்காரர். மொத்தப் பாட்டில் வாங்க வசதியில்லாதவருக்கும் ஷாம்பு கிடைக்கச் செய்த எண்ணம் அது, அதை இழிவாகப் பேச முடியாது. ஆனால் அந்த உறையைக் கழுவி, காயவைத்து, எந்தத் தொட்டியில் போட்டாலும் வீட்டுக்காரரின் பழக்கம் அதற்குமேல் அதை எங்கும் கொண்டுசெல்லாது. உறையைத் தயாரித்து விற்றவரே திரும்பப் பெறும் பொறுப்பை 2016இன் பிளாஸ்டிக் கழிவு விதிகளும் 2022இல் வந்த வழிகாட்டுதலும் நிறுவனங்கள்மேல் வைத்திருக்கின்றன. மதுப் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் வைத்ததுபோல ஒரு ரூபாய்ப் பாக்கெட்டுக்கு எவ்வளவு வைப்பது, எந்தப் பெட்டிக்கடை அதை எண்ணி வாங்கும், அந்தக் கடைக்காரருக்குக் கூலி யார் கொடுப்பார் என்பதை அந்த நிறுவனங்களிடம்தான் கேட்க வேண்டும்.